நாய்க்குச் சீப்பு எதற்கு?

"நாய்க்குத் தலை வாரி விடுவது ஒன்றுதான் பாக்கி!" என்று மோவாயில் கை வைக்கும் ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. உங்கள் வீட்டில் மாமியாரோ நாத்தனாரோ அப்படிச் சொன்னால், கோபித்துக் கொள்ளாதீர்கள். "எனக்கு இங்கே வலிக்கிறது" என்று வாய் திறந்து சொல்ல முடியாத ஜீவனிடம், விரல்களால் சௌக்கியம் விசாரிக்கிறோம் என்று பதில் சொல்லுங்கள்.

எங்கள் வெள்ளையன், பலரும் பொமரேனியன் என்று அழைக்கும் ஜாதி. சரியான பெயர் இந்தியன் ஸ்பிட்ஸ். மேலே நீண்ட ரோமம். அடியில் பஞ்சு போல் இன்னொரு அடுக்கு. வாரத்தில் மூன்று நாளாவது சீவாவிட்டால் காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் சடை பிடித்துவிடும். சடைக்கடியில் ஈரம் தங்கினால் புண்தான். கோடை வந்ததும், "பாவம், மொட்டை அடித்து விடலாமே!" என்று தோன்றும். வேண்டாம், அம்மா! அந்த ரோமம் வெயிலையும் தடுக்கிறது. மழித்துவிட்டால் சில நாய்களுக்கு முன்போல் வளர்வதும் இல்லை. உதிர்ந்ததைச் சீவி எடுத்தாலே போதும்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், சீவிக் கொண்டிருந்தபோது கால்விரல் இடுக்கில் மிளகு போல் ஏதோ தட்டுப்பட்டது. உண்ணி! சீவி முடித்ததும் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது என் வழக்கம். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தது. மறுநாள் கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "உண்ணிக் காய்ச்சல். நல்ல வேளை, சீக்கிரம் கொண்டு வந்தீர்கள்" என்றார். நான்கு வாரம் மாத்திரை கொடுத்தோம்; பிழைத்தான். அதுவரை அவன் வாலை ஆட்டிக் கொண்டு சோறு தின்று கொண்டுதான் இருந்தான் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது, நகத்தால் நசுக்குவது மூன்றும் கூடாது. ஒரே பெண் உண்ணி ஆயிரக் கணக்கில் முட்டையிடும். அதுவும் சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும்! ஆகவே நாயோடு வீட்டையும் சோதிக்க வேண்டும். மருந்தை வைத்தியரைக் கேட்டே வாங்குங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம். இரண்டையும் வளர்ப்பவர்கள் ஜாக்கிரதை!

குளியல் மாதம் ஒரு முறை போதும். நம் சோப்பு அதற்கு ஆகாது. நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. நாய்களுக்கென்றே விற்கும் ஷாம்பூவும் வெதுவெதுப்பான நீரும் நல்லது. பிறகு காதை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். காதுக் குழாய் 'ட' என்ற எழுத்தைப் போல் மடங்கியிருப்பதால் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

நடக்கும்போது தரையில் 'டக் டக்' என்று கேட்டால் நகம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். நகத்தினுள் இரத்தக் குழாய் உண்டு. நுனியை மட்டும் நறுக்குங்கள். முன்னங்காலின் உட்புறம், சற்று உயரே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் தேயாது. கவனிக்காவிட்டால் வளைந்து சதைக்குள் புகுந்துவிடும்.

இவ்வளவுக்கும் பத்து நிமிஷம் போதும். இந்த வாரத் தொடர்கதையைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டு வாசலில் படுத்திருப்பவனைக் கூப்பிட்டு, காதிலிருந்து கால்விரல் வரை ஒரு முறை தடவிப் பாருங்களேன்!