அரிசிலாற்று முதலையும் எமது மாணவரும்

கல்கி அவர்களின் "பொன்னியின் செல்வன்" 1950ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் அவர்தம் வார இதழிலே தொடங்கி, 1954ஆம் ஆண்டு மே மாதம் நிறைவெய்தியது. அவ்வாண்டு யூலை மாத இறுதியில் இங்கிலாந்திலே டோல்கீன் என்னும் ஒக்ஸ்போட் பேராசிரியரின் "லோர்ட் ஒப் த றிங்ஸ்" பெருங்கதையின் முதற் பாகம் நூலுருப் பெற்றது. ஒன்று சோழ வரலாற்றிலே வேரூன்றி வளர்ந்த கதை. மற்றையது எந்த வரலாற்றிலும் இல்லாத ஓர் உலகை முற்றாகக் கற்பனையிற் படைத்த கதை. ஆயினும் இவ்விரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றை வாசித்தோர் வாசித்ததோடு அமைவதில்லை. கதையில் வந்த கோட்டையை, வாளை, படகை, மோதிரத்தைத் தம் கையாற் செய்து பார்க்க விழைகின்றனர். எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலை மாணவர் சிலரையும் சில காலமாக இவ்விழைவு பற்றிக்கொண்டுள்ளது. இவ்வாண்டு விழா மலருக்கு அதுபற்றியே எழுதலாம் எனக் கருதினோம்.

இவ்வாறு செய்து பார்த்தோருள் முதல்வர் டோல்கீன் அவர்களே. அவர் கதையில், சுரங்கமொன்றிற் குடியேறி மாண்டுபோன குள்ளர் கூட்டத்தின் நாளேடு ஒன்று கண்டெடுக்கப்படும். பாதி எரிந்து குருதிக் கறை படிந்த ஏடு அது. அதன் பக்கங்கள் சிலவற்றை அவர் தாமே எழுதி, தமது புகைக்குழாயின் நெருப்பால் ஓரங்களைக் கருக்கி, செந்நிறச் சாயத்தாற் கறைகளிட்டுச் செய்து முடித்தார். வண்ணத்தில் அச்சிடச் செலவு மிகும் என்று பதிப்பாளர் அதனை நூலிற் சேர்க்கவில்லை. உலகறிந்த பேராசிரியர் ஒருவர் பள்ளிப் பிள்ளையைப் போல் மேசையிற் குந்தியிருந்து கடதாசியைக் கருக்கிய காட்சியை நினைக்கும்போதெல்லாம் எமக்கு அவர்மேல் அன்பு பெருகுகின்றது.

அக்கதை 2001 முதல் 2003 வரை மூன்று திரைப்படங்களாக வெளிவந்தது. படங்களுக்கு வேண்டிய கருவிகளும் சிற்றுருக்களும் எமது அயல்நாடாகிய நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், வெட்டா என்னும் பட்டறையிலே செய்யப்பட்டன. வீரர் அணியும் வளையக் கவசங்களுக்குப் பிளாஸ்ரிக் நீர்க்குழாய்களை வளையங்களாக நறுக்கி, ஒன்றோடொன்று கையாற் கோத்தனர். மினாஸ் திரித் என்னும் மலைநகரை எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறுக்கிச் செய்த உருவமே பல மீற்றர் உயரமுடையதாயிற்று. இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் நடைபெறும் சூப்பநோவா போன்ற விழாக்களுக்குச் சென்றால், கதாபாத்திரங்களின் கவசம் பூண்ட இளைஞரைக் கூட்டங் கூட்டமாகக் காணலாம். உடற்பயிற்சிக்குத் தரையில் விரிக்கும் நுரைத் தகட்டை வெட்டி, வெப்பக் காற்றால் வளைத்து, வண்ணம் பூசி இரும்பென மயக்கிவிடுகின்றனர். கையிற் பிடித்துப் பார்த்தால்தான் பாரமின்மை தெரியும்.

இவையெல்லாம் வெள்ளையர் விளையாட்டு என்று எம்மவர் சிலர் எண்ணுவதுண்டு. யாழ்ப்பாணத்திற் பிறந்தோர் அவ்வாறு எண்ணலாமா? கோயில்களிலே கந்தபுராண படனம் நாட்கணக்காக நடைபெறும். ஒருவர் பாட, ஒருவர் பயன் சொல்ல, ஊர் இருந்து கேட்கும். சூரன்போர் அன்று மரத்தாற் செய்த சூரன் வீதிக்கு வருவான். யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம் எனத் தலைகள் மாற்றி மாற்றிப் பொருத்தப்படும். ஈற்றில் மாமரமும் சேவலும் மயிலும் தோன்றும். மறுநாள் சிறுவர் நாம் வாழைத்தண்டில் உடலமைத்து, சூப்பி எறிந்த பனங்கொட்டையைத் தலையாக்கி, அதன் தும்பையே சூரனின் தலைமயிராக வாரிவிட்டு, ஒழுங்கையிற் போர் நடத்தினோம். கதையைக் கேட்டோம், உருவத்தைக் கண்டோம், பின் நாமே செய்தோம். நுரைத் தகடு வெட்டும் இளைஞன் செய்வதும் அதுவன்றோ?

மணிரத்தினம் அவர்களின் "பொன்னியின் செல்வன்" திரைப்படம் 2022 செப்ரெம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பாகங்களாக வெளிவந்தபோது எமது மாணவர் பலர் பெற்றோருடன் சென்று பார்த்தனர். அடுத்த சனிக்கிழமையே அட்டைப் பெட்டியில் வெட்டிய வாள்கள் வகுப்புக்கு வந்தன. எல்லா வாளும் ஒரே வாள். எல்லா முகமும் நடிகர் முகம். இதில் எமக்கு நிறைவில்லை. படம் பார்த்துச் செய்வது படியெடுத்தல். புத்தகத்திலிருந்து செய்வதற்கே சிந்தனை வேண்டும். எனவே விதியொன்று வகுத்தோம். எதையும் செய்யலாம்; ஆனால் அப்பொருள் கல்கியின் எந்தப் பக்கத்தில் வருகின்றதோ அப்பக்கத்தைச் செய்தவர் வகுப்பின் முன் தமிழில் உரத்து வாசிக்கவேண்டும்.

இரண்டு வாரம் ஒருவரும் ஒன்றும் கொண்டுவரவில்லை. மூன்றாம் வாரம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி முட்டைப் பெட்டிகளை ஒட்டிச் செய்த முதலையொன்றுடன் வந்தாள். அரிசிலாற்றங்கரையிலே முதலையொன்று பெண்களை நோக்கி வாய் பிளந்திருப்பதைக் கண்டு வந்தியத்தேவன் வேலெறிவான். பெண்கள் நகைப்பர். அது செத்த முதலை. தோலுக்குள் அடைத்து வைத்த வெறும் பொம்மை! தாயின் துணையுடன் எழுத்துக் கூட்டி அப்பகுதியைத் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்த சிறுமி, "சேர், கதையிலயும் அது பொம்மைதான். நான் பொம்மைக்குப் பொம்மை செய்திருக்கிறன்" என்றாள். அவ்வகுப்பிலே கல்கியின் குறும்பைத் தானாக விளங்கிக்கொண்ட முதற் பிள்ளை அவள். முட்டைப் பெட்டியின் மேடுபள்ளம் முதலைத் தோலுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைச் செய்து பார்த்தோரே அறிவர்.

அதன்பின் தடையிருக்கவில்லை. பழுவேட்டரையரின் பனை இலச்சினை மோதிரத்தைக் களிமண்ணில் மூவர் செய்தனர். மூன்றிலும் தென்னை மரமே இருந்தது. பிள்ளைகள் பனையைக் கண்டதில்லை. பென்டில்ஹில் வீதியோரத்தில் நிற்கும் அலங்கார மரங்களையே அறிவர். வாரந்தோறும் பேரனைக் கூட்டிவந்து வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் எழுந்துவந்தார். "மாஸ்ரர், குறை நினையாதேங்கோ, இது பனையில்லை" என்று சொல்லி, கரும்பலகையில் விசிறி போன்ற ஓலையைக் கீறிக் காட்டினார். "ஐயா, இனி நீங்களும் இங்கே ஆசிரியர்தான்" என்றோம்.

தந்தையொருவர் முறைப்பாடும் சொன்னார். தமிழ் படிக்கவென்று அனுப்பினால் பிள்ளை அட்டை வெட்டிப் பசை பூசிக்கொண்டு வருகின்றான், எச்.எஸ்.சி. பரீட்சையிலே முதலை செய்வதற்குப் புள்ளி தருவார்களா என்று வினவினார். நியாயமான கேள்வியே. நாம் அவருடைய மகனின் கொப்பியை எடுத்துக் காட்டினோம். இலச்சினை, பாய்மரம், துடுப்பு, முகத்துவாரம், அகழி என்று அவன் தானே தேடி எழுதிய சொற்கள் அதில் இருந்தன. முற்றாக அவர் மனம் மாறினார் என்று சொல்லமாட்டோம். அடுத்த வாரம் பன்னிங்ஸ் கடையிலிருந்து மெல்லிய பலகைத் துண்டுகள் ஒரு பையில் வந்து சேர்ந்தன.

பூங்குழலியின் படகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு தனியொருத்தியாக ஈழத்துக்குப் படகு செலுத்திவருபவள் பூங்குழலி. அவனோ நீந்தத் தெரியாதவன். அப்படகைச் செய்ய முன்வந்தவன் பதின்மூன்று வயது மாணவன். தொண்டைமானாறு கதையில் வருகின்றது என்று நாம் சொன்னபோது முதலில் அவன் நம்பவில்லை. அது தன் அம்மாவின் ஊருக்குப் பக்கம் அல்லவா, புத்தகத்தில் எப்படி வரும் என்று கேட்டான். கல்கி ஈழத்துக்கு நேரில் வந்து பார்த்து எழுதியவர் என்றும், தொண்டைமானாறும் யானை இறவும் பெயர் சொல்லியே கதையில் இடம்பெறுகின்றன என்றும் விளக்கினோம்.

படகு வேலை ஆறு வாரம் நடந்தது. வாங்கில் அமர்ந்திருந்த ஐயா மயிலிட்டியைச் சேர்ந்தவர். 1990ஆம் ஆண்டு அத்துறையை விட்டு இடம்பெயர்ந்தவர். 2017 யூலையில் துறைமுகம் மீண்டும் மக்களிடம் கையளிக்கப்பட்டபோது தொலைக்காட்சியிற் பார்த்தாராம். அவர் கை வைத்தபின் படகின் தோற்றமே மாறிற்று. "தம்பி, அணியம் இப்பிடித் தட்டையா இருந்தா வள்ளம் அலையிலை ஏறாது. கொஞ்சம் தூக்கு" என்பார். ஐஸ்பழக் குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்து வளைக்கும் முறையை அவரே காட்டிக்கொடுத்தார். துடுப்பைச் சவள் என்றார். மாணவன் அச்சொல்லையும் கொப்பியில் எழுதிக்கொண்டான். பெண்ணொருத்தி தனியே இரவில் அக்கடலைக் கடப்பது நடக்கக்கூடியதா என்று நாம் வினவியபோது, "காத்தை அறிஞ்சவள் எண்டா வருவாள்" என்றார். ஆய்வாளர் எவரும் கல்கிக்கு இத்தகைய நற்சான்றிதழ் வழங்கியிருக்கமாட்டார்.

படகு முடிந்த நாளில் மாணவனின் தாய் அவனைக் கூட்டிச்செல்ல வந்தார். அவர் அதிகம் பேசாதவர். மேசையிலிருந்த படகைப் பார்த்து நின்றார். அப்போதுதான் அவன், "அம்மா, நாங்க வந்த படகு இதைமாதிரியா? இதைவிடப் பெரிசா?" என்று கேட்டான். 2012ஆம் ஆண்டு கடல்வழியே இந்நாட்டை அடைந்த குடும்பம் அது. அன்று அவன் கைக்குழந்தை. அதைப்பற்றி வீட்டிலே பேசுவதில்லை என்று அவர் முன்பொருமுறை எம்மிடம் கூறியிருந்தார்.

தாய் விரலை நீட்டி, படகின் நடுவிலிருந்து சற்றுப் பின்னே ஓரிடத்தைத் தொட்டார். "இதிலதான் அப்பன், என்ர மடியில படுத்திருந்தனி. மழை பெய்தது. அப்பா சேட்டைக் கழற்றி உன்னை மூடினவர்." அவ்வளவே. மாணவன் அவ்விடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் குனிந்து, அங்கே குறுக்குப் பலகையொன்று வைக்கவேண்டும் என்றும், இல்லாவிடில் அம்மா எதில் இருந்திருப்பார் என்றும் எம்மைக் கேட்டான். நாமும் அதே ஆண்டில் வேறொரு படகில் வந்தோர். நாம் இருந்ததும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே. பலகையை அளந்து கொடுத்தோம். ஐயா பசையை எடுத்து நீட்டினார்.

அப்படகு இப்போது பூங்குழலியின் படகாகவும் இருக்கின்றது, இல்லாமலும் இருக்கின்றது. அதன்மேல் பெயர் எழுதுவதா என்று கேட்டோம். வேண்டாம் என்றுவிட்டான்.

மூத்த வகுப்பு மாணவியொருத்தி கல்கியை விடுத்து டோல்கீனை எடுத்துக்கொண்டாள். எமது விதிப்படி தமிழ் வாசிப்பு வேண்டுமாகையால், அந்த எரிந்த நாளேட்டைத் தமிழில் தானே எழுதுவதாகச் சொன்னாள். குள்ளரின் இறுதி நாட்களைப் பழைய நடையில் எழுதி, தேநீர்ச் சாயத்தில் நனைத்து உலர்த்தி, வீட்டு முற்றத்தில் தந்தை பக்கத்தில் நிற்க மெழுகுதிரியால் ஓரங்களைக் கருக்கிக் கொண்டுவந்தாள். தமிழெழுத்துடன் கருகிய தாள். சக ஆசிரியை ஒருவர் அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தார். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அவர் அந்நகரில் மாணவியாக இருந்தவர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. சாம்பற்றாள்கள் காற்றிற் பறந்து வந்ததை அவர் பின்னர் மூத்த வகுப்புக்குச் சொன்னார். பாடத்திட்டத்தில் இல்லாத அப்பாடம் முழுமையாக ஒரு மணி நேரம் நடைபெற்றது. மணி அடித்த பின்பும் எவரும் எழவில்லை.

இன்று வீட்டிலேயே முப்பரிமாண அச்சுப்பொறி வைத்து உருவங்களை வார்த்தெடுப்போர் உளர். எமது மாணவன் ஒருவனும் அவ்வாறு தஞ்சைக் கோட்டை வாயிலொன்றைக் கொண்டுவந்தான். அழகாகவே இருந்தது. ஆயினும் ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திருத்துவதற்கு ஒன்றுமில்லாமையாற் போலும், கீழே வைத்துவிட்டார். அவருடைய பக்கமே நாமும்.

இவையனைத்தும் இவ்விழாவில் மண்டப வாயிலின் இடப்புறத்து மேசையில் வைக்கப்பட்டுள்ளன. முதலையைத் தொடலாம், படகைத் தூக்கவேண்டாம். சென்ற ஆண்டு முதலை செய்த சிறுமி இப்போது யானை இறவைச் செய்யத் தொடங்கியுள்ளாள். யானைகள் ஆழமற்ற நீரில் இறங்கி நடக்கவேண்டுமாம். பரந்தனில் வாழும் அம்மம்மாவிடம் தொலைபேசியில் இடத்தைப்பற்றி விசாரித்ததில், அங்கே யானை இல்லை, உப்புத்தான் விளைகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆகையால் ஒரு கிலோ உப்பு வாங்கி வைத்திருக்கின்றாள். பசையின் ஈரத்தில் உப்புக் கரைந்துவிடாமல் அட்டையில் ஒட்டுவது எவ்வாறு என்பதை அறிந்த பெற்றோர் எவரேனும் இருப்பின், சனிக்கிழமை மூன்று மணிக்குப் பின் வகுப்பறைக்கு வந்து சொல்லித்தருமாறு வேண்டுகின்றோம்.