இரண்டு மலை, ஐந்து லிட்டர் தண்ணீர்

ஏப்ரல் மாதத்தில் நந்தி மலைக்கு நடந்து போகிறேன் என்றால் பெங்களூர்வாசிகள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நகருக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்த மலை அவர்களுக்கு டிசம்பர் மாதத்து அதிகாலைச் சமாசாரம். மோட்டார் பைக், மேகக் கூட்டம், நாலு போட்டோ, திரும்பும் வழியில் இட்லி வடை. பத்து மணிக்கு வீட்டில்.

அந்த இரு நண்பர்கள் தேர்ந்தெடுத்ததோ கோடை நடுவில் ஒரு முழுப் பகலை. இருவரும் பிழைப்புக்காகப் பெங்களூர் வந்தவர்கள். ஒருவர் ஆம்பூர்க்காரர், அவர் ஊரில் பாலாறு. மற்றவர் திருக்கோவிலூர், அங்கே தென்பெண்ணை. இரண்டும் இந்த மலைத்தொடரில்தான் பிறக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி. "ஆத்தோட பொறந்த வீட்டை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்டா" என்று ஆரம்பித்தவர் ஆம்பூர்க்காரர். பையில் ஐந்து லிட்டர் தண்ணீர், பத்து வெள்ளரிக்காய், புளிச்சோறு.

முதலில் சென்னகிரி. நந்திக்கு அண்டை மலை. வனத்துறையிடம் முன்பதிவு செய்யாமல் ஏற முடியாது. பாறை, முட்புதர், மீண்டும் பாறை. ஓடை என்று வழிகாட்டி கைகாட்டிய இடத்தில் வெள்ளை மணலும் சருகும்தான் கிடந்தன. தென்பெண்ணையின் தலை இந்தப் பகுதிதான். திருக்கோவிலூர்க்காரர் குனிந்து மணலை அள்ளிப் பார்த்தார். அடியிலும் ஈரமில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி வழிந்தபோது இதே ஆறு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. "இதுவாடா அது?" என்றார். பதில் சொல்ல நண்பருக்கு மூச்சு வரவில்லை, ஏற்றம் அப்படி.

எட்டரை மணிக்கே வெயில் சுள்ளென்று உறைக்க, உச்சியில் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. தெற்கே நந்தி மலை, யாரோ செதுக்காமல் விட்டுவிட்ட காளை மாதிரிப் படுத்திருந்தது. சுற்றிலும் யூகலிப்டஸ் தோப்புகள். தூரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கல்குவாரித் தழும்புகள். ஆயிரம் அடிக்குக் கீழே போர்வெல் போட்டுத் தேடும் மாவட்டம் இது. நதிகளின் பிறந்தகம் என்று பாடப் புத்தகங்கள் எழுதுவதும் இதைத்தான்.

இறங்கி ஆட்டோ பிடித்து நந்தி கிராமத்துக்கு. அங்கே போக நந்தீஸ்வரர் கோயில். 9ஆம் நூற்றாண்டில் தொடங்கி கங்கர், சோழர், ஹொய்சாளர், விஜயநகரத்தார் என்று பலர் கைபட்ட கட்டடம். திருக்கோவிலூர்க்காரர் திகைத்து நின்றது பக்கத்துச் சன்னதியில். அங்கிருப்பவர் அருணாசலேஸ்வரர்! தென்பெண்ணை திருவண்ணாமலை மாவட்டத்தைத் தொடுவதற்கு எத்தனையோ மைல் முன்பாகவே அந்த ஊர்ச் சுவாமி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருக்கும் சிருங்கி தீர்த்தம் என்ற படிக்குளம்தான் தென்பெண்ணையின் பிறப்பிடம் என்பது ஐதீகம். நந்தி கொம்பால் குத்தியதில் கங்கை பீறிட்டதாம். மலையில் காணாத தண்ணீரைப் புராணமாவது காட்டியதே என்ற திருப்தியோடு இருவரும் மண்டப நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு சுல்தான்பேட்டைப் படிகள். ஆயிரத்துக்கும் மேல். இந்த நேரத்தில் ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் கூட்டமே இல்லை என்பது லாபம். 1791 அக்டோபரில் திப்புவிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடிக்க கார்ன்வாலிசின் படைக்கு மூன்று வாரம் பிடித்தது ஏன் என்பது பாதிப் படியிலேயே புரிந்துவிடும். 2022 பிப்ரவரியில் பக்கத்து பிரம்மகிரியில் தனியாக ஏறிய கல்லூரி மாணவர் பாறை இடுக்கில் விழுந்து, விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மீட்க வேண்டியிருந்தது. கூட ஒரு ஆள் வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

மேலே போனதும் காற்று மாறுகிறது. மரநிழல், ஈரக் குளுமை, கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்குகள். 1927 கோடையில் உடல்நலம் குன்றிய காந்தியை இங்கேதான் தங்கவைத்தார்கள். 1936இல் மறுபடி வந்தார். நண்பர்களிடம் மிச்சமிருந்தது அரை லிட்டர்.

யோக நந்தீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் பாறையில் உட்கார்ந்து விரலால் கோடு போட்டுப் பேசினார்கள். இந்தத் தொடரில் மழைத்துளி எந்தச் சரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அதன் ஊர் முடிவாகிறது. ஒரு பக்கம் விழுந்தால் அர்க்காவதி வழியாகக் காவிரி. இன்னொரு பக்கம் தென்பெண்ணையாகிக் கடலூர். வடக்கே போனால் வடபெண்ணை, நெல்லூர்ச் சீமை. "பாலாறு?" என்று கேட்ட ஆம்பூர்க்காரரிடம், "உன் ஆறு தலகவரை கிராமத்துல பொறக்குதுன்னும் சொல்றாங்கப்பா, இங்க இல்லையாம்" என்று மற்றவர் வாரினார். அந்த வழக்கு ஒருபுறம் இருக்க, பாலாறு கர்நாடகத்தில் ஓடுவது 93 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. மேலே ஏரிகளில் தேங்கியது போக ஆம்பூருக்கு வருவது பெரும்பாலும் மணல். 2021 நவம்பரில் கரை புரண்டு வந்தபோது ஆம்பூர்க்காரர் வீடியோவில் பார்த்து அழுதேவிட்டாராம்.

பெங்களூருக்கும் இதில் பங்குண்டு. 1890களில் நகரத்துக்கு முதல் குழாய்த் தண்ணீர் தந்தது அர்க்காவதியில் கட்டிய ஹெசரகட்டா ஏரி. இப்போது நகரம் 100 கி.மீ. தள்ளியிருக்கும் காவிரியை மேலேற்றிக் குடிக்கிறது. 2024 கோடையில் அதுவும் போதாமல் டேங்கர் லாரிகளின் பின்னால் ஓடியது. தென்பெண்ணைக்குத் திருப்பித் தந்தது சாக்கடையை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் மலைபோல் நுரை எழுவது பலமுறை செய்தியாகிவிட்டது.

மாலை நாலரைக்கு இறங்கத் தொடங்கினார்கள். கடைசி மடக்குத் தண்ணீரை யார் குடிப்பது என்பதில் சின்னத் தகராறு. ஆம்பூர்க்காரர் விட்டுக்கொடுத்தார், "மேல் மாநிலத்துக்காரன் மாதிரி பூராவும் குடிச்சிடாதே" என்ற நிபந்தனையுடன். தேவனஹள்ளியைத் தாண்டும்போது பஸ் கண்ணாடியில் மாங்காய் மழையின் நாலு துளி விழுந்தது. இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.