மாடியில் எரிந்த விளக்கு

பழங்காநத்தத்தில் நாம் குடியிருப்பது ஒரு மாடி வீடு. முன்புறத்தில் சிறு வராந்தா, அதில் ஒரு நாற்காலி. பணி ஓய்வுக்குப் பின் தனித்தே வாழும் நமக்கு அந்த நாற்காலியே உலகம். சுபுஹுத் தொழுது திரும்பி அதில் அமர்ந்தால் சந்து முழுவதும் கண்ணில் அடங்கிவிடும். திருப்பரங்குன்றம் சாலையில் முதல் பேருந்துகள் இரையும். குடங்கள் குழாயடியில் வரிசைக்கு வரும். எதிர்ப்புறத்தில் இட்லி விற்கும் அம்மாளின் அடுப்பு புகையும். எந்த வீட்டில் விருந்து, எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நம்மைப் பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாது. இதை நெடுங்காலம் ஒரு பேறாகவே கருதினோம். அதற்குப் பற்றற்ற நிலை என்று பெயரும் சூட்டியிருந்தோம்.

நம் எண்ணத்திற்கு ஆதரவாக நூல்கள் கிடைக்காமல் இல்லை. மனிதரை ஒன்பது இயல்பினராகப் பிரிக்கும் ‘எனியகிராம்’ என்றொரு முறை மேனாட்டு ஆன்மிக வகுப்புகளில் வழங்குகிறது. அதில் ஐந்தாம் வகையினரைப் பார்வையாளர் என்பர். விலகி நிற்பவர், சிந்திப்பவர், தம் தேவைகளைக் குறைத்துக்கொள்பவர் என்று படித்தபோது நம் படத்தையே பார்த்ததுபோல் மகிழ்ந்தோம். அவ்வகையினருக்கு உரிய குறை கஞ்சத்தனம் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. அது பணத்தைப் பற்றியது மட்டுமன்று, தம்மையே பிறருக்கு ஈய மனம் வராமையும் அதுவே. அந்த வரியை விரைந்து கடந்தோம்.

நம் மார்க்கத்திலும் சான்று தேடினோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்துப் பெரும் பதவியை 1095இல் துறந்து சென்றார். திமிஷ்கில் உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் கதவடைத்துத் தனித்திருந்தார். நமக்கு அண்மையிலேயே வேறொரு சான்றும் உண்டு. தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்ற குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இளமையில் இல்லறத்தை மறுத்து வெளியேறியவர். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனிமையில் இருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வராந்தாவிலிருந்து அம்மலை இருக்கும் திசையைப் பார்த்து, நாமும் அவர்களின் வழியிலேயே இருக்கிறோம் என்று எண்ணிய நாள்கள் உண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நடந்தது இது. நம் வீட்டுக்குக் கீழ்ப் பகுதியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். ஊன்றுகோலுடன் சுபுஹுக்குத் தவறாமல் வருவார். முதல் ஸஃப்பில் வலக்கோடியில் நிற்பார். ஒருநாள் அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். நாம் கவனித்தோம். திரும்பி வரும்போது அவர் வீட்டு வாசலில் பால் பாக்கெட் கிடந்ததையும் கவனித்தோம். உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எண்ணி, படியேறி, நாற்காலியில் அமர்ந்து, மனிதன் இவ்வுலகில் ஒரு வழிப்போக்கன் அல்லவா என்று சற்று நேரம் சிந்தித்தும் இருந்தோம்.

மறுநாள் காலை இரண்டாவது பாக்கெட்டும் கிடப்பதைக் கண்ட இட்லிக்கார அம்மாள், கரண்டியை வைத்துவிட்டுச் சந்தைக் கடந்து வந்தார். “பெரிய பாய், பெரிய பாய்” என்று கதவைத் தட்டினார். பதில் இல்லை. இரண்டு இளைஞர்களை அழைத்துக் கதவை உடைக்கச் செய்தார். முந்தைய இரவில் ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்தவர் அங்கேயே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஒரு பகலும் இரண்டு இரவுகளும் கடந்திருந்தன.

இராஜாஜி மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றோம். நம் கையைப் பற்றிக்கொண்டு அவர் சொன்னார்: “ராத்திரி பூரா மாடில லைட்டு எரிஞ்சுச்சு தம்பி. வெளிச்சம் முத்தத்துல விழுந்துச்சு. நீங்க முழிச்சுத்தான் இருக்கீக, கூப்ட்டா கேக்கும்னு நெனச்சேன். சத்தந்தான் வரல.” அவர் குறை சொல்லவில்லை. நம் விளக்கு தமக்கு ஆறுதலாக இருந்தது என்றே சொன்னார்.

அவ்விரவுகளில் நாம் படித்துக்கொண்டிருந்தது இஹ்யாவில் தனிமையின் ஒழுக்கங்களைப் பற்றிய பகுதி. இதைச் சொல்ல நாணமாக இருக்கிறது. தனிமையின் பயன்களைப் போலவே அதனால் இழப்பவற்றையும் இமாம் அங்கே எடுத்துரைக்கிறார். நாம் அந்த இரண்டாம் பாதியை எட்டியிருக்கவில்லை. அவரே 1106இல் நைசாபூருக்குத் திரும்பி மீண்டும் மாணவர்கள்முன் அமர்ந்தார் என்பதையும் வசதியாக மறந்திருந்தோம். மஸ்தான் சாகிபும் பின்னாளில் வடசென்னையில் மக்கள் சூழ வாழ்ந்தவர். அவர்மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர். பல பாடல்களில் மஸ்தான் சாகிபு நொந்துகொள்வது தம் நெஞ்சைத்தான், அண்டை வீட்டாரை அன்று. முராகபா என்று நம் பெரியோர் சொன்ன கண்காணிப்பும் தன் நஃப்ஸின்மீது வைப்பதே. நாம் அதைச் சந்தின்மீது வைத்திருந்தோம்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிவந்த ஒருவரின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சில அறிவிப்புகளில் அவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. அவரைக் காணாதபோது நபியவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றறிந்ததும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். இடம் வெறுமையாக இருந்ததை நாமும் கண்டோம், நாம் கேட்கவில்லை.

அஃராஃப் அத்தியாயத்தில் கடற்கரை ஊர் ஒன்றின் வரலாறு வருகிறது. சனிக்கிழமைக்குரிய தடையை மீறி மீன் பிடித்தோர் ஒரு சாரார், அவர்களைத் தடுத்தோர் ஒரு சாரார். மூன்றாம் சாரார் தடுத்தவர்களை நோக்கி, அழியப்போகிறவர்களுக்கு எதற்கு உபதேசம் என்று கேட்டவர்கள். தடுத்தோர் காக்கப்பட்டனர், மீறியோர் தண்டிக்கப்பட்டனர் என்று குர்ஆன் கூறுகிறது. மூன்றாமவர் கதியைத் தனித்துக் கூறவில்லை. இதை ஓதி இப்னு அப்பாஸ் (ரலி) அழுதார்கள் என்றும், அவர்களும் வெறுத்து ஒதுங்கியவர்களே, ஆகவே தப்பியிருப்பர் என்று மாணவர் இக்ரிமா விளக்கியதும் மகிழ்ந்து அவருக்கு ஆடை பரிசளித்தார்கள் என்றும் தஃப்ஸீர்களில் காண்கிறோம். இக்ரிமாவின் விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊரார் பாவத்தையாவது வெறுத்தார்கள். நாமோ எதையும் வெறுக்கவும் இல்லை.

விலகி இருப்பதே கடமையாகும் காலமும் உண்டு. முஸ்லிம்கள் தமக்குள் வாளெடுத்தபோது ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி), இப்னு உமர் (ரலி) போன்றோர் எப்பக்கமும் சேராமல் ஒதுங்கினர். அது குழப்பத்திலிருந்து விலகுதல். நாம் விலகியது ஒரு கதவிலிருந்து. அதைத் தட்டப் பதினான்கு படிகள் இறங்கினால் போதும்.

பெரியவர் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். சுபுஹுக்குப் பின் இட்லிக் கடையிலிருந்து அவருக்கு இரண்டு இட்லியும் நமக்கு மூன்றும் வாங்கி வருகிறோம். சட்னியில் உப்பில்லை என்று அவர் நாள்தோறும் முறையிடுகிறார். அதை எதிர்வீட்டு அம்மாளிடம் கொண்டுபோய்ச் சொல்வதும் நம் வேலையாகிவிட்டது. நாற்காலியைக் கீழே இறக்கிவிட்டோம். அவருக்கு உட்கார அதுதான் வசதி.