தண்ணீர் இறங்க வேண்டிய இடம்

அண்ணன் கையில் இருந்தது அடியையும் மூடியையும் வெட்டியெடுத்த பழைய பெயிண்ட் டின். செடிகளுக்கு நடுவே நான்கு விரல் ஆழத்துக்கு அதை மண்ணில் அழுத்தி, ஒரு போத்தல் தண்ணீரை உள்ளே ஊற்றினார். முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டது. பத்தடி தள்ளி, வாகன நிறுத்துமிடத்துத் தண்ணீர் வந்து விழும் வாயருகே அதே டின்னை வைத்து அதே அளவு ஊற்றினார். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தபோதும் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது.

“தண்ணி நிக்கவும் கூடாது, மேலாப்புல ஓடவும் கூடாது தம்பி. எறங்கணும்” என்றார்.

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு தனியார் கொண்டோமினியத்தின் மழைத்தோட்டம் அது. சுற்றியுள்ள தரையைவிட ஒரு சாண் தாழ்ந்த நீளமான பாத்தி. உயரமான புற்கள், வெட்டிவேர், ஓரத்தில் பூச்செடிகள். குடியிருப்பவர்களில் பலருக்கு அது நீச்சல் குளத்துக்குப் போகும் வழியில் இருக்கும் இன்னொரு தோட்டம், அவ்வளவுதான். விஷயம் அடியில் இருக்கிறது. மேலே அரை மீட்டர் அளவுக்கு மணல் கலந்த மண், அதன் கீழே பருமணல், அதற்கும் கீழே ஜல்லி, ஜல்லிக்குள் ஓட்டை போட்ட குழாய். கூரையிலும் வாகன நிறுத்துமிடத்திலும் விழும் மழை இங்கே வந்து சற்று நேரம் தேங்கி, அடுக்கடுக்காக இறங்குகிறது. வண்டலும் எண்ணெய்ப் பிசுக்கும் டயர் தேய்ந்த தூளும் மண்ணிலேயே தங்கிவிட, தெளிந்த நீர் குழாய் வழியாகப் பொது வடிகாலுக்குப் போகிறது.

அந்த வடிகால் போய்ச் சேருவது நீர்த்தேக்கத்துக்கு. ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தும் அதைச் சேர்த்து வைக்க இடமில்லாத தீவு இது. அதனால் நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை நீர்ப்பிடிப்புப் பகுதியாக்கி, 17 நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பி விட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் ஓடும் தண்ணீர் ஒருநாள் குழாயில் வரும் என்ற நிலை. பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் ‘ஏபிசி வாட்டர்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியபோது, பூங்காக்களிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளிலும் இப்படிப்பட்ட தோட்டங்கள் வரத் தொடங்கின. 2010இல் ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பிறகு விதி வந்தது: 2014 ஜனவரியிலிருந்து, 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள், பொது வடிகாலுக்குப் பாயும் உச்சகட்ட நீரைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே மட்டுப்படுத்தியாக வேண்டும். நிலத்தடித் தொட்டி கட்டலாம், மழைத்தோட்டமும் அமைக்கலாம். இப்படித்தான் நாட்டின் தண்ணீர் விவகாரத்தில் ஒரு பகுதி தனியார் வளாகங்களுக்குள் வந்து சேர்ந்தது. கட்டி முடித்ததும் கட்டுமான நிறுவனம் போய்விடும். பொறுப்பு குடியிருப்பு நிர்வாகக் குழுவின் கைக்கு வரும். அங்கிருந்து, புல் வெட்ட வரும் ஒப்பந்தக்காரர் வழியாக, இந்த அண்ணன் கைக்கு.

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். ஊரில் நெல் விவசாயம். இங்கே லாரியின் பின்புறம் உட்கார்ந்து தங்குவிடுதியிலிருந்து விடிகாலையில் வருகிறார். கூட வருபவர் ஒரு வங்கதேசத்து இளைஞர். இருவரும் தமிழும் மலாயும் உடைந்த ஆங்கிலமும் கலந்து பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

தண்ணீர் நின்ற இடத்தில் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேலே பரப்பியிருந்த கூழாங்கற்களைக் கையால் ஒதுக்கினார். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். கரண்டியின் முனையால் நெம்பினார். அப்பளம் போல உடைந்து வந்தது. அதற்கு அரை விரற்கடை கீழே மண் கறுப்பாக, ஈரமாக, நல்ல மணத்தோடு இருந்தது. “மண்ணு சாகல. மூஞ்சி மட்டும் அடைச்சுப்போச்சு.” படலத்தை விரலால் தேய்த்துக் காட்டினார், நெருநெருவென்றது. ஏதோ ஒரு வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்து, சிமெண்டு வாளிகளை வாகன நிறுத்துமிடத்துக் குழாயடியில் கழுவியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் முழுக்க இங்கேதான் வந்து இறங்கியிருக்கிறது.

இருவரும் மேல் மண்ணை மெல்லச் சுரண்டிச் சாக்கில் அள்ளினார்கள். பாத்திக்குள் கால் வைக்கவில்லை. இரண்டு பலகைகளைக் குறுக்கே போட்டு அதன் மேல் உட்கார்ந்தே வேலை செய்தார்கள். ஈர மண்ணை மிதித்தால் இறுகிவிடும், இறுகினால் நீர் இறங்காது. பிறகு கற்களை வாளித் தண்ணீரில் அலசித் திரும்பப் பரப்பினார்கள்.

இந்த வேலையின் சிக்கல் எனக்கு அங்கேதான் புரிந்தது. ஒரு நல்ல தோட்டக்காரர் எங்கும் இயல்பாகச் செய்கிற காரியங்கள் பல இங்கே கெடுதல். செடி வாடினால் உரம் போடுவார். இங்கே போட்ட உரம் மழையோடு இறங்கி நீர்த்தேக்கத்தில் பாசியை வளர்க்கும். பள்ளமாகத் தெரிந்தால் தோட்டமண் கொட்டி மேடாக்குவார். இங்கே அந்தப் பள்ளம்தான் நீர் தேங்கும் இடம். களிமண் கலந்த மண் வடிகட்டும் அடுக்கை அடைத்துவிடும். ஈரம் காக்க மரச்சில்லுகளைப் பரப்புவார். இங்கே அவை மிதந்து போய், மிஞ்சிய நீர் வெளியேறும் வழிநீர்க் குழியின் கம்பி வலையை மூடும். அதனால்தான் கூழாங்கல். செடிகளை ஒட்ட வெட்டிச் சீராக வைப்பார். இங்கே செடி செழிப்பாக இருந்தால்தான் வேர் ஓடும். வேர் ஓடியும் மடிந்தும் மண்ணில் துளைகளைத் திறந்து வைப்பதால்தான் பாத்தி ஆண்டுக்கணக்கில் மூச்சு விடுகிறது. பார்வைக்கு அழகு, உள்ளே செத்த மண் என்று ஒரு மழைத்தோட்டத்தை ஆக்கிவிடுவது மிகச் சுலபம். அதைச் செய்பவர் அக்கறையோடுதான் செய்திருப்பார்.

“வந்த புதுசுல நானும் மண்ணு கொட்டச் சொன்னப்ப கொட்டினவன்தான்” என்றார் அண்ணன். கொட்டச் சொன்னவர்களுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வடிவமைத்தவர்கள் எழுதிக் கொடுத்த பராமரிப்புத் திட்டம் நிர்வாக அலுவலகத்தின் கோப்பில், ஆங்கிலத்தில், இருக்கிறது. சுத்தம் செய்யும் குழாய்களின் மூடிகள் எங்கே உள்ளன என்பதைக்கூட புல்வெட்டும் இயந்திரம் ஒரு மூடியில் மோதிய பிறகே இவர் கண்டுபிடித்திருக்கிறார். அந்த மூடி உடைந்து, உள்ளே மண் விழாமல் இருக்கப் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியிருக்கிறது. புது மூடி கேட்டிருக்கிறாராம்.

கொசுப் பயம் இன்னொரு தொல்லை. டெங்கி விஷயத்தில் இந்த நாடு கடுமையானது, அது சரியும்கூட. ஆனால் மழை முடிந்த மறு நிமிடமே பாத்தியில் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் புகார் செய்பவர்கள் உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். ஒரு நாளுக்குள் வடிந்துவிடுகிற பாத்தியில் அதற்கு வாய்ப்பில்லை. மறுநாளும் தண்ணீர் நின்றால் அப்போது கவலைப்பட வேண்டும், கொசுவுக்காக மட்டுமல்ல, அடியில் அடைப்பு என்பதற்காகவும். கொசுவைத் தேடுவதென்றால், இலைகள் தேங்கிய வழிநீர்க் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அண்ணன் ஒவ்வொரு முறையும் வலையைத் தூக்கி, கையை முழங்கை வரை விட்டுத் துழாவுகிறார்.

மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் வெட்டவெளி வேலையை நிறுத்திவிட வேண்டும். அன்றும் பிற்பகலில் வானம் இருண்டது, கூரைக்கடியில் ஒதுங்கினோம். இளைஞர் கைப்பேசியை எடுத்தார். அண்ணன் தூணோரம் நின்று பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எந்த வாயில் முதலில் வருகிறது, எங்கே சுழல்கிறது, எந்த மூலையில் கல் நகர்கிறது, நின்ற பிறகு எந்த இடம் கடைசியாக வடிகிறது. மழைத்தோட்டத்தைப் பரிசோதிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. மேற்பார்வையாளர்கள் வெயில் நாளில் வந்து செடியின் உயரத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டுப் போகிறார்கள். மழையில் ஒதுங்கி நிற்கும் நேரம் அண்ணனின் வேலைக் கணக்கில் வேலையில்லா நேரம்.

இது மாற வேண்டும் என்றே நினைக்கிறேன். புல் வெட்டும் சதுர மீட்டர் கணக்கில் இந்தத் தோட்டங்களுக்கு விலை பேசுவது தவறு. பெருமழைக்கு மறுநாள் ஒரு வருகை, ஆண்டில் சில முறை மேல்மண் சோதனை, குழாய் கழுவுதல் என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுத வேண்டும். பராமரிப்புத் திட்டம் தமிழிலும் வங்காளத்திலும் கருவி அறைச் சுவரில் இருக்க வேண்டும், குறுக்குவெட்டுப் படத்தோடு. நிர்வாக மேலாளரிடம் இதைச் சொன்னேன். படத்தை ஒட்டுவதில் சிரமமில்லை என்றார். ஒப்பந்தம் பற்றிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும் என்றார். அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குழாய் மூடி எப்போது வரும்?