ஒரு பானையை ஆறவைக்க 160 லிட்டர் தண்ணீர்

மெல்போர்னில் மகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. "சார், அங்கே பொழுது எப்படிப் போகிறது?" என்று பலரும் கேட்கிறீர்கள். போன மாதம் முழுக்க, பீர் காய்ச்சும் பானையைக் குளிரவைப்பதில் போனது. பதற வேண்டாம். நான் குடிப்பதில்லை, இனியும் குடிக்கப்போவதில்லை. எங்கள் சித்தப்பா குடும்பம் குடியால் என்ன ஆனது என்று உறவினர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை மாதம் ஒரு சனிக்கிழமை கராஜில் 20 லிட்டர் காய்ச்சுவார். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. (நம் ஊரில் வீட்டில் காய்ச்சவே சட்டத்தில் இடமில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அண்டாவை அடுப்பில் ஏற்றாதீர்கள்.) முதல் மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. "சாப்பிட்டீங்களா மாமா?", "ஆச்சு மாப்பிள்ளை" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. மகளுக்கு அதில் வருத்தம் உண்டு.

என்னைக் கராஜுக்கு இழுத்தது தண்ணீர்ச் சத்தம். தோட்டத்து ஹோஸிலிருந்து சாக்கடைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கெட்டை வைத்து அளந்து பார்த்தேன்: நிமிடத்துக்கு 4 லிட்டர். 40 நிமிடம் ஓடியது. 160 லிட்டர். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு குடத்துக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். எப்படிச் சும்மா இருப்பது? இந்த ஊருக்கும் தண்ணீர்க் கஷ்டம் புதிதல்ல. நீண்ட வறட்சியின்போது, 2008இல், 'டார்கெட் 155' என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டர் போதும் என்பது அதன் இலக்கு. இங்கே ஒரு பானையை ஆறவைக்க அதைவிட அதிகம்.

"மாப்பிள்ளை, இது ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"சில்லர் பழசு மாமா. புதுசு வாங்கணும். பிளேட் சில்லர் பார்த்து வச்சிருக்கேன்" என்றார்.

விஷயம் இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் பதநீர் மாதிரி இனிப்பான சாறு கிடைக்கும். அதற்கு வெர்ட் என்று பெயர். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, 20 டிகிரி அளவுக்கு இறக்கி, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். சூட்டில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். தானாக ஆறட்டும் என்று திறந்து வைத்தால், வெதுவெதுப்பாக இருக்கும் அந்த நீண்ட நேரத்தில் வேண்டாத கிருமிகள் குடியேறும். 80 டிகிரிக்கு மேலே நிற்கும்வரை ஹாப்ஸின் கசப்பும் ஏறிக்கொண்டே இருக்கும். டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருளும் உண்டாகிக்கொண்டிருக்கும். கொதிக்கும்போது அது ஆவியோடு போய்விடும். மூடி வைத்தால் வேகவைத்த சோள வாடையாகத் தங்கிவிடும். (பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து கான்டியோன் ஆலையில் இன்றும் அகலமான செம்புத் தொட்டியில் ஊற்றி, குளிர்மாதங்களில் இரவு முழுக்கத் திறந்தே ஆறவைக்கிறார்கள். காற்றில் வரும் ஈஸ்ட்தான் அவர்களுக்கு வேண்டியது. அது வேறு பானம், வேறு கதை.)

மாப்பிள்ளையிடம் இருந்தது இம்மர்ஷன் சில்லர்: 15 மீட்டர் செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றியது. அதைப் பானைக்குள் இறக்கிவிட்டுக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீரை ஓட விடுவார்கள். அவர் வாங்க நினைத்த பிளேட் சில்லரில் வெர்ட் ஒரு பக்கமும் தண்ணீர் எதிர்ப்பக்கமும் மெல்லிய தகடுகளுக்கு இடையே எதிரெதிராக ஓடும். நம் பள்ளி ஆய்வகத்தில் லீபிக் குளிர்விப்பானுக்குக் கீழிருந்து ஏன் தண்ணீர் விடுகிறோம் என்று கேட்பேனே, அதே தத்துவம். வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹாப்ஸ் துணுக்கு அந்தத் தகடுகளுக்குள் சிக்கினால் கழுவி எடுப்பது பெரும்பாடு. தகடுகளை ஒட்டவைத்திருப்பதால் பிரித்துப் பார்க்கவும் முடியாது. கொதிக்கும் வெர்ட் ரப்பர்க் குழாய் வழியாக வெளியே வரவும் வேண்டும். வீட்டில் நான்கு வயதுப் பேத்தி ஓடியாடிக்கொண்டிருக்கிறாள். சுருள் சில்லர் என்றால், பானை ஆறும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு அது ஒன்றே போதும்.

ஆஸ்திரேலியர்கள் கண்ட எளிய வழி ஒன்றும் உண்டு. கொதிக்கக் கொதிக்கக் கெட்டியான பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி மூடி, மறுநாள்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். சொட்டுத் தண்ணீர் வீணாகாது. கசப்புக் கணக்கு மாறிவிடும் என்று மாப்பிள்ளை தயங்கினார். சுடச்சுட 20 லிட்டர் கேனை ராத்திரி வீட்டுக்குள் வைக்க நான் சம்மதிக்கவில்லை.

ஆக, இருக்கும் சுருளையே பார்த்தோம். எஃகில் புதிதாக ஒன்று வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. செம்பின் வெப்பங்கடத்து எண் ஏறத்தாழ 400, துருப்பிடிக்காத எஃகுக்கு 15 அளவுதான். அதனால் செம்பு இருபத்தைந்து மடங்கு சீக்கிரம் ஆற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தடை இருப்பது சுவரில் அல்ல, சுவரை ஒட்டி அசையாமல் நிற்கும் திரவப் படலத்தில். அந்தப் படலத்தைக் கலைக்க வேண்டும். டீக்கடைக்காரர் ஏன் ஆற்றுகிறார்? அதே மாதிரிதான். கொதிக்கும்போதே நீளக் கரண்டியையும் சுருளையும் உள்ளே போட்டுச் சுத்தப்படுத்திக்கொண்டு, அடுப்பை அணைத்தபின் கரண்டியால் விடாமல் துழாவினேன். தெர்மாமீட்டர் அவர் கையில். அன்று குழாய்த் தண்ணீர் 18 டிகிரி. 12 நிமிடத்தில் பானை 35க்கு இறங்கிவிட்டது.

"மாமா, இது முன்னாடி அரை மணி நேரம் ஆகும்!" என்றார்.

அங்கேயே குழாயை மூடச் சொன்னேன். நியூட்டனின் குளிர்வு விதி நினைவிருக்கிறதா? 100 டிகிரியில் பானைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் 82. பானை 28க்கு வந்துவிட்டால் வித்தியாசம் 10தான். ஆறும் வேகமும் எட்டில் ஒரு பங்காகிவிடும். கடைசிச் சில டிகிரிக்குத்தான் அத்தனை தண்ணீரும் வீணாகிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் ஐஸ் வேண்டும். 20 லிட்டரை 35லிருந்து 20க்கு இறக்க 1260 கிலோஜூல் எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 20 டிகிரிக்கு வரும்போது 418 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். மூன்று கிலோ கணக்கு. சேதாரத்துக்குச் சேர்த்து நான்கு. ஐஸை ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் 16 கிலோ வேண்டும். ஒரு பக்கெட்டில் ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, மீன்தொட்டிக்கு வைக்கிற மாதிரிச் சின்ன பம்ப்பால் சுருளுக்குள் சுற்றிச் சுற்றி ஓட விட்டோம். கால் மணி நேரத்தில் 20.

160 லிட்டர் 48 லிட்டரானது. அதுவும் சாக்கடைக்குப் போகவில்லை. முதலில் வரும் சுடுதண்ணீர் பாத்திரம் கழுவ. மீதி ஆறியபின் எலுமிச்சைக்கும் தொட்டியிலுள்ள கறிவேப்பிலைக்கும். மொத்தச் செலவு அந்தப் பம்ப் ஒன்றுதான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளை பாயில் விதி, அவருடைய ஊர், அவர் அப்பாவின் வயல் கிணறு என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். மகள் குறுக்கே ஒன்றும் சொல்லாமல் தோசை வார்த்துக்கொண்டே இருந்தாள்.

ருசி எப்படி என்று கமெண்டில் கேட்காதீர்கள்; அதை மாப்பிள்ளையிடம் கேளுங்கள். வருகிற சனிக்கிழமை மறுபடி காய்ச்சுகிறார். ஐஸ்கிரீம் டப்பா நான்கில் தண்ணீர் நிரப்பி இன்று காலையிலேயே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.