நிலைபேற்றை அளக்குங் கோல்

எம் கல்லூரி விழாக் காணும் இவ்வேளையில், ஒரு கல்வித் தாபனம் நிலைத்து வாழ்கின்றது என்பதை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினா என் உள்ளத்தில் எழுகின்றது. ஆண்டுகளை எண்ணுதல் எளிது. ஆனால் வயது வேறு, நிலைபேறு வேறு. இவ்வேறுபாட்டை, அரச பல்கலைக்கழகமொன்றிற் பணியாற்றிய காலத்திலே நான் நன்குணர்ந்தேன்.

1990ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்துத் தல்வார் என்னும் ஊரிற் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள், சுற்றாடலைப் பேணுதல் தம் கடன் எனப் பிரகடனஞ் செய்தனர். 2010இல் இந்தோனேசியாப் பல்கலைக்கழகம் 'கிரீன்மெற்றிக்' என்னுந் தரவரிசையைத் தொடக்கிற்று. வளாக அமைவு, சக்தி, கழிவு, நீர், போக்குவரத்து, கல்வி முதலிய தலைப்புகளில் அது புள்ளி வழங்குகின்றது. இவை வேண்டற்பாலனவே, வீணாக எரியும் விளக்குப் பொதுமக்கள் பணத்தையன்றோ எரிக்கின்றது?

அத்தகைய படிவமொன்றை நிரப்புங் குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். மரங்களை எண்ணினோம், மின்குமிழ்களை எண்ணினோம். அதே வேளையில், எங்கள் ஆய்வுகூடத்தில் அருங்கருவியொன்று உறையிடப்பட்டுக் கிடந்தது. அதனை இயக்கத் தெரிந்த உத்தியோகத்தர் ஓய்வுபெற்ற பின் அவரிடம் நிரப்பப்படவில்லை. அவரது கைப்பழக்கத்தைப் பிறரெவரும் பயிலவுமில்லை. கருவி ஓடாமையால் மின்செலவு குறைந்தது. படிவத்தில் அக்குறைவு எமக்கு நன்மையாகவே தோன்றிற்று!

எரிபொருளின்றி நாடு தவித்த 2022ஆம் ஆண்டில் விரிவுரைகள் இணையவழிக்கு மாறின, வளாகங்கள் வெறிச்சோடின. விரிவுரையாளர் பலர் கடல் கடந்தனர். செலவின் குறைவை மட்டும் நோக்குங் கோலுக்கு அவ்வெறுமையுஞ் சிறப்பாகவே தென்படும். பூட்டிய பல்கலைக்கழகம் நீர் அருந்தாது, கழிவும் ஈனாது.

ஆகவே அக்கோலில் வேறு சில அளவுகளும் பொறிக்கப்படல் வேண்டும். வெற்றிடமான பதவி எத்தனை மாதம் வெறுமையாய்க் கிடக்கின்றது? பிணை எழுதிக் கொடுத்து உயர்கல்விக்குப் பிறநாடு சென்றோருள் எத்துணையர் மீண்டனர்? புதிய கட்டடங்களுக்குப் பொருள் ஒதுக்குவோர், பழைய கூரையைப் பேணுதற்கு எவ்வளவு ஒதுக்குகின்றனர்? வறிய இல்லத்து மாணவன் பட்டம் பெறும்வரை தாக்குப்பிடிக்கின்றானா? 1945இல் இந்நாடு பெற்ற இலவசக் கல்வியின் பயன், இவ்விறுதி வினாவுக்கு நாம் கூறும் விடையிலேயே தங்கியுள்ளது.

சேர் பொன். இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் இடத்திலே, 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றிற்று. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கல்லூரியின் பெயர் மறைந்தது. அம்மண்ணிற் கற்பித்தல் அறவில்லை. நிலைபேறு என்பதன் பொருளை இதனினுந் தெளிவாக உரைப்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மாணவத் தம்பிமாரே, நாளை நீவிர் தாபனங்களை நடத்துவீர். அவற்றை அளக்கவும் செய்வீர். அன்று, ஓய்வுபெறும் ஒவ்வொருவரும் தாம் கற்றதை யாரிடம் ஒப்படைத்துச் செல்கின்றார் என்பதை முதலிற் கேளுங்கள். மரங்களைப் பின்னர் எண்ணலாம்.