போட் லூயியில் ஒரு மழைப் பகல்

உல்லாசக் கப்பலிற் செல்வோருக்கு ஒரு தீவு என்பது பத்து மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஏணி இறக்கப்படும். மாலை ஆறு மணிக்குச் சங்கு ஒலிக்கும். இடைப்பட்ட வேளையில் வெயில் எறித்தால் அத்தீவு பூலோக சுவர்க்கம்; மழை பெய்தாலோ அது ஒன்றுக்கும் உதவாத ஊர். இவ்வாறு தீர்ப்புக் கூறிவிட்டு அடுத்த துறைக்குச் செல்வோர் பலரை நாம் கப்பலிற் கண்டிருக்கிறோம். மொரீசியஸ் தீவைப் பற்றி இப்படித் தீர்ப்புக் கூறுவது பெரும் அநியாயம். அத்தீவின் மழைக்கு ஒரு கணக்கு உண்டு.

மடகஸ்காருக்குக் கிழக்கே, இந்து சமுத்திரத்தில், எரிமலைக் குழம்பு உறைந்து உருவாகிய தீவு அது. பரப்பளவு ஏறக்குறைய 1,865 சதுர கிலோமீற்றர். நமது யாழ்ப்பாண மாவட்டத்தின் இரு மடங்கிலும் சற்றுக் குறைவு. தீவின் நடுவே மேட்டு நிலம் உயர்ந்து நிற்கிறது. ஆண்டின் பெரும் பகுதியில் வீசும் தென்கிழக்கு வியாபாரக் காற்று கடலிலிருந்து அள்ளி வரும் நீரையெல்லாம் அம்மேட்டில் மோதி இறக்கிவிடுகிறது. அங்கே ஆண்டுக்கு 4,000 மில்லிமீற்றர் வரை மழை பொழிய, மேற்குக் கரைக்கு அதில் காற்பங்குகூடக் கிடைப்பதில்லை. நமது மலைநாட்டின் மேற்குச் சரிவில் பெய்து தீர்ந்த தென்மேற்குக் காற்று, மட்டக்களப்பை அடையும்போது வறண்ட கச்சானாக மாறிவிடுகிறதல்லவா? அதே வித்தைதான். தலைநகராகிய போட் லூயி, மலைகளின் மறைவில், வடமேற்குக் கரையில் இருக்கிறது. ஆதலின் அங்கு மழை பெய்வது சிறப்பான செய்தி. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான கோடையில் மட்டும் காற்று நிலைமாறி, தாழமுக்கமும் சூறாவளியும் வட்டமிடும்போது, இந்தக் கணக்குத் தவறிவிடும். உல்லாசக் கப்பல்கள் அதிகமாக வருவதும் அந்தக் காலத்திலேதான்!

நமது கப்பல் அங்கே சென்றது ஒரு தை மாதத்தில். சீஷெல்ஸ், மடகஸ்கார் துறைகளில் நல்ல வெயிலைக் கண்டு பழகியிருந்த பிரயாணிகள், போட் லூயியில் மேல்தளத்துக்கு வந்து பார்த்தபோது மலையுமில்லை, நகரமுமில்லை; சாம்பல் நிறத் திரை ஒன்று தொங்கிற்று. கிழக்குக் கரையிலுள்ள மான் தீவுக்குப் படகிற் செல்லும் பயணம் நிறுத்தப்பட்டதாக ஒலிபெருக்கி அறிவித்தது. பாதிப்பேர் சீட்டாட உட்கார்ந்தனர். நாம் குடைகளை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு இறங்கினோம். துறைமுக வாயிலில் நின்ற வாடகைக் கார்ச் சாரதி, நமது வீட்டுப் பெண்களின் சேலையைக் கண்டதும், "வணக்கம்" என்றார். அவருடைய நெற்றியில் நீறு. தமிழிலே நாம் தொடர்ந்து பேசத் தொடங்கவும், சிரித்துக் கைகளை விரித்தார். அம்மா, அப்பா, கோவில், விரதம், காவடி — இவற்றோடு அவருடைய தமிழ் முடிந்தது. மற்றவையெல்லாம் ஆங்கிலமும், இடையிடையே அத்தீவின் கிரியோலும்.

"மழையில் எங்கே போகலாம்?" என்று கேட்டோம். சிறிதும் யோசியாமல், "படிக்கட்டைப் பாருங்கள், ஐயா. மழைக்குப் பொருத்தமான இடம்" என்று அழைத்துச் சென்றார்.

அப்பிரவாசி காட் என்பது அவ்விடத்தின் பெயர். முற்காலத்தில் கூலித்துறை எனப்பட்ட அவ்விடம் 1987இல் இப்பெயரைப் பெற்றது. 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. பெயரைக் கேட்டுப் பெரிய கோட்டையொன்றை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். 1849இல் எழுந்த கட்டடங்களில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய ஏழிலொரு பங்கே. கருங்கற் சுவர்கள் சில, சமையற்கட்டின் அடையாளம், வைத்திய விடுதியின் பகுதி, பிறகு பதினாறு கற்படிகள். கடல் தூர்க்கப்பட்டு நிலமாகிவிட்டதால் அப்படிகளை இப்போது அலை தொடுவதில்லை. அன்று மழைநீர் படிப்படியாக இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

1834 நவம்பர் 2ஆந் திகதி 'அட்லஸ்' என்னும் கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் இத்துறையில் வந்திறங்கினார்கள். அடிமைத்தனத்தைச் சட்டம் ஒழித்த வேளை அது. கரும்புத் தோட்டங்களுக்கோ கைகள் வேண்டும். ஒப்பந்தம் என்ற பெயரில் அன்று தொடங்கிய வரவு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஓயவில்லை. ஏறக்குறைய நாலரை லட்சம் மக்கள் வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் பீகாரைச் சார்ந்தவர்கள். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் சென்னைத் துறையிற் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். 1860களிலிருந்து பலருக்குப் புகைப்படமும் எடுத்து வைத்தனர். அப்பதிவேடுகள் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகத்திற் காக்கப்படுகின்றன. நமது சாரதி அங்கு சென்று தமது பாட்டனாருடைய பாட்டனின் இலக்கத்தைக் கண்டுபிடித்தாராம். பதிவெழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயரே இன்றும் அவர்கள் குடும்பப் பெயர். சின்னையன் 'சீனியேன்' ஆனதும், ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனதும் இவ்வாறே.

அதே காலத்தில்தான் நமது நாட்டின் கோப்பித் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். கங்காணிமாரின் பின்னே மன்னார்க் காட்டுவழி நடந்து வந்த அவர்களுக்குப் படமும் இலக்கமும் கொண்ட பதிவேடு ஏதும் இல்லை. 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்து, அந்த இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தார்கள். மழையில் அந்தப் பதினாறு படிகளின் முன்னே நின்றபோது, நம்முடன் வந்த இளைஞன் ஒருவன், "நம்மவர்களுக்கு ஒரு படிகூட இல்லையே" என்றான். நாம் மறுமொழி கூறவில்லை.

அங்கிருந்து சந்தை மிக அண்மையில். நனைந்த உடையோடு உள்ளே நுழைந்தோம். ஒரு மூலையில் 'கத்தோ பிமா' என்று ஏதோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுப் பெயராயிற்றே என்று தயங்கியவாறு வாங்கிக் கடித்தால், அசல் பருப்பு வடை! அளவில் சிறியது, உறைப்பிற் குறைவில்லை. நாடு கடந்து, மொழி கடந்து, பெயரும் மாறியபின் வடை மட்டும் பிழைத்திருப்பதைக் கண்டு வியந்தோம். தைப்பூசத்திற்காகப் பத்துநாள் விரதமிருந்த சாரதியும் அதிற் பங்குகொண்டார். தைப்பூசக் காவடி அந்நாட்டில் பொது விடுமுறை நாள்.

வடைக்குக் கொடுத்த பணத்துக்கு மீதியாக வந்த நூறு ரூபாய்த் தாளை அவர் நம்மிடம் நீட்டி, அதிலுள்ள தமிழை வாசித்துக் காட்டச் சொன்னார். அத்தாளில் இருக்கும் உருவம் தமிழ் வம்சத்தவரான ரெங்கநாதன் சீனிவாசன் என்னும் சட்டத்தரணியுடையது, அமைச்சராகவும் இருந்தவர். மொரீசியஸ் நாணயத் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழும், அதன்பின் இந்தியும் அச்சாகின்றன. 1998இல் புதிய தாள்கள் வெளிவந்தபோது இந்தி முன்னும் தமிழ் பின்னுமாக வரிசை மாறியிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து வந்து இந்நகரைக் கட்டிய கொத்தரும் தச்சரும் தம் முன்னோர் என்பது அவர்கள் வழக்கு. அத்தாள்கள் மீட்டுக்கொள்ளப்பட்டு, மறு ஆண்டில் பழைய வரிசையிலேயே புதியவை வந்தன. சாரதியும் அக்கிளர்ச்சியிற் கலந்துகொண்டவரே.

"வாசிக்கத் தெரியாத எழுத்துக்காகவா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் கோபிக்கவில்லை. "வாசிக்கத் தெரிந்திருந்தால் ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்போம், ஐயா. எங்களிடம் மிஞ்சியிருந்தது அந்த இடம் ஒன்றுதான்" என்றார்.

இந்த விடையை நாம் முழுமையாக ஒப்புக்கொள்கிறோம் என்று சொல்வதற்கில்லை. எழுத்தைக் காப்பதற்கு வாசிப்பதைவிடச் சிறந்த வழி ஏது? ஆயினும், வாசிக்கத் தெரிந்த நாம், வீட்டில் எத்தனை நாள் தமிழ்ப் புத்தகத்தைத் திறக்காமலே கழிக்கிறோம் என்பதையும் எண்ணாமலிருக்க முடியவில்லை. அவருடைய மகள் இப்போது பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறாளாம்.

சந்தையின் தகரக் கூரையில் மழை இரைந்தபோதெல்லாம் வியாபாரிகள் பேச்சை நிறுத்தி, வாசலை எட்டிப் பார்த்தனர். காரணம் பிறகு தெரிந்தது. 2013 மார்ச் 30ஆந் திகதி இந்நகரில் திடீரெனக் கொட்டிய மழையில், மலைச்சரிவிலிருந்து பாய்ந்த வெள்ளம் தெருக்களை நிரப்பிப் பதினொருவரைப் பலிகொண்டது. அவர்களிற் சிலர் நிலத்தடி நடைபாதையில் அகப்பட்டு மாண்டவர்கள். நமக்குப் பயணத்தைக் கெடுக்கும் சிறு தொல்லையாகத் தோன்றிய மழை, அந்நகரத்தாருக்கு வேறு பொருள் உடையது.

பன்னிரண்டு மணியளவில் இரைச்சல் நின்றது. வெளியே வந்தோம். மேகத்திரை கீழிருந்து மேலாகச் சுருண்டது. முதலிற் பச்சை அடிவாரம், பிறகு கரும்பாறைச் சுவர், கடைசியில் பெருவிரலை நீட்டியது போன்ற சிகரம். 'பெருவிரல்' என்னும் பொருளிலேயே அதற்கு 'லெ பூஸ்' என்று பெயர். உயரம் 812 மீற்றர். அதற்கு அப்பால் பீற்றர் போத் சிகரம், தலையில் ஒரு பெரும் பாறையைத் தாங்கிக்கொண்டு நின்றது. எந்த நேரமும் உருண்டு விழலாம் போல் தோன்றும் அப்பாறை, இத்தனை சூறாவளிகளுக்கும் அசையவில்லை. கப்பல் தங்கிய வேளையில் இந்நகரைக் கண்டுசென்ற பெரியோர் சிலர் உண்டு. 1836இல் 'பீகிள்' கப்பலில் வந்த டார்வின் லெ பூஸ் மலையில் ஏறினார். 1901இல் தென்னாபிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பிய காந்தியடிகளும், கப்பல் நெடுநாள் தங்கியதால் இங்கே கரையிறங்கினார். மொரீசியஸ் 1968இல் சுதந்திரம் பெற்ற நாளாகிய மார்ச் 12, தண்டி யாத்திரை தொடங்கிய நாளுமாகும்.

வெயில் வந்ததும் வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்தது. சிறுவர்களுக்குக் கடற்கரை வேண்டும். பெரியோருக்குத் தோட்டம் வேண்டும். தோட்டம் பதினொரு கிலோமீற்றர் தூரம் என்பதால் பெரியோர் வென்றனர்.

ஊரின் பெயர் பம்பிள்மூஸ். பம்பளிமாஸ் பழத்தின் பெயரேதான். நம்மவர்க்கு அச்சொல்லைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சாதிக்காயையும் கராம்பையும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து ஒல்லாந்தரின் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவரச் செய்த பியேர் புவாவ்ர் என்னும் பிரெஞ்சுக்காரர், பதினெட்டாம் நூற்றாண்டில் வளர்த்த தோட்டம் இது. இன்று சேர் சிவசாகர் ராம்கூலம் தாவரவியற் பூங்கா என வழங்கப்படுகிறது. பேராதனைப் பூங்காவின் ஒழுங்கைக் கண்டவர்களுக்கு இது சற்றுக் காடாகத் தோன்றலாம். ஆனால் மழை கழுவிவிட்ட அந்நண்பகலில், நிழலும் ஒளியும் கலந்த பாதைகளில் எழுந்த மண்வாசனையை நாம் பேராதனையிலும் அனுபவித்ததில்லை.

எல்லோரும் தேடிச் செல்வது அமேசன் நாட்டுப் பேரல்லித் தடாகத்தை. ஒரு மீற்றருக்கு மேல் அகன்ற இலைகள், விளிம்பு மடிந்து, தாம்பாளங்களைப் போல் நீரில் மிதக்கின்றன. இவ்வளவு மழை பெய்தும் ஒரு தாம்பாளமேனும் நிறைந்து மூழ்கவில்லையே என்று சிறுவர்கள் கேட்டனர். உற்றுப் பார்த்தோம்: விளிம்பில் நீர் வழிந்தோட ஒரு வெட்டு இருக்கிறது; இலைப்பரப்பிலும் நுண்ணிய துளைகள் உண்டு. பூ மலர்வது இரண்டே நாள். முதல் மாலையில் வெண்மை, மறு மாலையில் செம்மை. நாம் கண்டது மறுநாட் பூ.

சற்று அப்பால் தாளிப்பனைகள். நமது நாட்டிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாக வளரும் மரத்தை அங்கே கண்டதும் உறவினரைக் கண்டது போலிருந்தது. பல பத்தாண்டு வளர்ந்து, ஒரே ஒருமுறை உச்சியிற் பெருங்கொத்தாகப் பூத்து, காய்த்து, அத்தோடு பட்டுப்போகும் மரம். அதன் ஓலையில் நம் முன்னோர் ஏடு எழுதினார்கள் என்று சாரதியிடம் சொன்னோம். அவர் மரத்தின் அருகே சென்று, உதிர்ந்து கிடந்த ஓலைத் துணுக்கொன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மகளுக்குக் காட்டவென்று.

திரும்பும் வழியில், நகரின் எல்லையில், கைலாசம் என்று அவர்கள் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோவில். மலையடிவாரத்திற் கோபுரம் வெயிலில் மின்னிற்று. ஈரமான பிராகாரத்தில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. விரதகாரர் பலர் தரையிலமர்ந்து பாடினார்கள். சாரதியும் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்துப் பாடலானார். எட்டிப் பார்த்தால், தமிழ்ப் பதிகங்கள் உரோம எழுத்தில்! பண் பிசகவில்லை, சொற்கள் மட்டும் பிரெஞ்சு வாயில் வேறு வடிவம் எடுத்தன. 'கழல்' என்பது 'கஸல்' என்று ஒலித்தது.

பாட்டு முடிந்ததும் அச்சொல்லின் மேல் விரலை வைத்து, "இது எந்த ஊர், ஐயா?" என்று கேட்டார்.

ஊரல்ல, இறைவனுடைய திருவடி என்றோம். காலிலணியும் கழலைச் சொல்லி, அதனால் காலையே குறிப்பிடும் வழக்கத்தையும் விளக்கினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "நாற்பது வருடமாக அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பாடிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

ஐந்தரை மணிக்குள் கப்பலுக்குத் திரும்பவேண்டும். வழிநெடுக அவர் 'ழ'கரத்தைப் பழகினார்; நமது சிறுவர்கள் பின்னிருக்கையிலிருந்து உபாத்தியாயர்களாகித் திருத்தினார்கள். துறைமுக வாயிலிற் காரை நிறுத்தி, அச்சொல்லைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். காகிதம் தேடினோம். அவர் ஓலைத் துணுக்கை எடுத்து நீட்டினார். நனைந்த ஓலையிற் பேனா பிடிக்கவில்லை; இரண்டு முறை எழுதவேண்டியிருந்தது.